ஒரு மணி நேரமாவது

கடந்த ஏழு நாட்களில்
ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?
டேப் கேட்கச் சொன்னது, கேட்டேன்.
எர்ணாவூர் குடியிருப்பு, எஃப் பிளாக், மூன்றாம் மாடி.
லிஃப்ட்டுக்கு விட்ட குழியில் யாரோ
சைக்கிளைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

தேசப்பன் மார்பைச் சொறிந்தபடி யோசித்தார்.
"செவ்வாக்கெழம மணலில கேட்டாண்ட போனேன்.
அஞ்சு மணிக்கு நின்னவன்
ஒம்போது வரைக்கும் நின்னேன்.
பதினெட்டு பேருக்கு பாஸ் போட்டான்.
நான் பத்தொம்போது.
நின்னது சேருமா மேடம்?"

நின்றது சேராது.

"வியாழக்கெழம ஒரு லோடு. யூரியா.
ஒன்றர மணி நேரம் இருக்கும்."
அது சேரும்.
விரல் வைத்ததும் கட்டம் பச்சையானது.
தேசப்பன் வேலையில் இருக்கிறார்.
அடுத்த காலாண்டு அறிக்கையில்
தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கேயோ ஓர் ஓரத்தில்
யூரியா நாற்றத்தோடு உட்கார்ந்திருப்பார்.

மகன் திலக், பி.இ. மெக்கானிக்கல்,
சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டே பேசினான்.
யாரிடம் வேலை?
"யாருகிட்டயும் இல்ல. பார்ட்னர்."
பார்ட்னருக்குக் குறியீடு கிடையாது.
சொந்தத் தொழில் என்று போட்டேன், பதினொன்று.
"ஓனரா நானு?"
சிரித்தபடி இறங்கிப் போனான்.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர்கள் அசையாமல் கிடந்தன.
தாமதத்துக்கு இவன் ஸ்டாரில் பிடிப்பார்கள்.
கன்டெய்னருக்கு ஸ்டார் இல்லை.

மகள்?
ஏகவல்லி உதட்டில் விரல் வைத்தாள்.
திரைக்குப் பின்னால் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.
நைட் ஷிஃப்ட், ஸ்ரீபெரும்புதூர், செல்போன் கம்பெனி.
பஸ்ஸிலேயே ஐந்து மணி நேரம், போக வர.
பதினோரு மாதம் வேலை, ஒரு மாதம் வீடு,
பிறகு புது ஆளாகச் சேர வேண்டும்.
"அஞ்சாவது தபா புதுசா சேந்துக்கிறா."
மீதிக் கேள்விகளைக் கிசுகிசுத்தேன்.
பி.எஃப். உண்டா, எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் உண்டா,
சங்கம் உண்டா.
ஏகவல்லியும் கிசுகிசுப்பாகவே
இல்லை இல்லை என்றாள்.

"உனுக்கு மாசச் சம்பளமா?"
வீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு, ஏஜென்சி தரும்.
"பூட்டின வூட்டுக்கு?"
கிடையாது.

எதிர் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீடும்.
பட்டியலில் இன்னும் ஐந்து பாக்கி.
இந்நேரத்துக்கு யார் இருப்பார்கள் என்று கேட்டேன்.

"நாலாவது மாடிக்குப் போ," என்றாள்.
"ரெண்டு பேருக்கு வேல பூட்ச்சி.
கண்டிப்பா இருப்பாங்க."

படியேறும்போது
கொஞ்சம் வேகமாகத்தான் ஏறினேன்.