பதினாறுக்கு முன்னால் பதினேழு

கொழும்பிலிருந்து வந்தவர் திரையில் ஒரு நகரம் காட்டினார்.
அதில் மழை இல்லை, மாடு இல்லை,
ஒரு மதில்கூட இல்லை.
"திறன்மிகு நகரம் என்பது
தன்னைத் தானே அறிகிற நகரம்" என்றார்.
எழுதிக்கொண்டேன்.
பிறகு வடையும் தேத்தண்ணியும் வந்தன.

எங்களுக்குக் கிடைத்தவை இருபத்திரண்டு உணரிகள்.
சவர்க்காரப் பெட்டி அளவு, உள்ளே ஒரு சிம்,
மேலே உள்ளங்கை அகலத்தில் சூரியத் தகடு.
நான் ஏணி பிடிக்க டெலிக்சன் பூட்டினான்,
வாய்க்கால்கள் நெடுக.
பத்து நிமிடத்துக்கு ஒருக்கால்
அது கீழே ஒரு சத்தத்தை அனுப்பும்,
தண்ணீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை எண்ணி
ஆழம் சொல்லும். அவ்வளவுதான் அதன் அறிவு.
வௌவாலுக்கு இது பழைய செய்தி.

கார்த்திகை மழை, இரவு இரண்டு மணி.
கந்தோரில் நானும் திரையும்.
பதினாலு ஏறியது. பதினைந்து ஏறியது.
பிறகு பதினேழு.
பதினாறு அப்போதும் காய்ந்து கிடந்தது.
ஒரு தரிப்பிடத்தைத் தொடாமலே
அடுத்ததில் போய் இறங்கியிருந்தது தண்ணீர்.

மாறிப் பூட்டிவிட்டாயா என்று
டெலிக்சனை நித்திரையால் எழுப்பி ஏசினேன்.
"நான் பூட்டினது சரி சேர்.
நீங்கள் கீறின கோடுதான் பிழை."

கோடு எழுபத்தொன்பதாம் ஆண்டுப் படத்திலிருந்து எடுத்தது.
அதற்குப் பிறகு இந்த ஊரை
வேறு வேறு ஆட்கள், வேறு வேறு தேவைக்குக் கீறினார்கள்.
தண்ணீர் போகும் வழியை ஒருவரும் கீறவில்லை.

மழை விட்ட காலை இரண்டு போத்தல் நீலம் வாங்கினோம்,
வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற நீலம்.
பதினைந்தின் குழியில் ஊற்றிவிட்டு
மோட்டார் சைக்கிளில் பறந்தான்.
பதினொரு நிமிடத்தில் போன் அடித்தது:
"வந்திட்டுது சேர்.
ஒரு பள்ளிக்கூடத்தின்ர உடுப்பு முழுக்கத் தோய்ச்ச மாதிரி."

பிறகு இடைவழியை நடந்து பார்த்தோம்.
மூடி இருந்த இடத்தில் திறந்து பார்த்து,
இல்லாத இடத்தில் நிலத்தில் காது வைத்து.
ஒழுங்கை திரும்பியது. ஒரு முருங்கை, ஒரு கோழிக்கூடு,
தவச்செல்வி ரீச்சரின் குசினிச் சுவர்.
வருடா வருடம் முழங்காலளவு வெள்ளம் நிற்கும் குசினி.
"நிலத்தை உயர்த்திக் கட்டுங்கோ ரீச்சர்" என்று
மூன்று வருடமாக நான் புத்தி சொல்லும் குசினி.
அதற்கடுத்த மதில் என்னுடையது.

மதிலுக்கு இந்தப் பக்கம் கார் விடும் இடம்.
ஸ்காபரோவிலிருந்து அண்ணன் சிறீஸ்கரன் அனுப்பிய காசில்
நாலு வருடத்துக்கு முன் போட்ட கொங்கிறீற்.
மேலே வழுக்காத ரைல்ஸ்.
கார் இன்னும் வாங்கவில்லை.
மேசன் அன்றைக்குக் கேட்டவன்:
"ஐயா, கீழ ஒரு பழைய வாய்க்கால் கிடக்கு, என்ன செய்ய?"
நிரப்பு என்றேன்.
அந்தச் சொல் எந்தப் படத்திலும் ஏறவில்லை.

குனிந்து ரைல்ஸில் காது வைத்தேன்.
டெலிக்சன் முருங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
கீழே, நான் கொட்டிய கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில்
தண்ணீர் தோளைச் சுருக்கிக்கொண்டு போனது.
போக முடியாதது
ரீச்சர் வீட்டுக்குத் திரும்பியிருக்கும்.

அறிவித்தலை நானே அடித்தேன்.
'தங்கள் காணியினூடு செல்லும் வடிகாலை மறித்து
அமைக்கப்பட்ட கட்டுமானத்தை...'
பெறுநர் என்ற கட்டத்தில் என் பெயர்.
கையொப்பம் என்ற கட்டத்திலும்.

தர்மினி வாசித்துவிட்டு மடித்தாள்.
"ஒருத்தருக்கும் தெரியாதுதானே?"
"டெலிக்சனுக்குத் தெரியும்."
"அவன் வாய் திறக்க மாட்டான்."
"பதினேழு?"
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
"சரி, உங்கட அண்ணைக்கு ஆர் சொல்லுறது?"

பதினாலு நாள் அவகாசம்.
இன்றைக்கு மூன்றாவது.
நாவாந்துறைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.
மேசனின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
பதினாறு இன்னும் காய்ந்தபடி.