ஆயிரம் ரொட்டி

பதினேழு படி இறங்கினால் சுவர்.
பறவைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ
அந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.
முதுகிலிருந்து படித்தால் ஒன்றும் சொல்லாது.
மனிதர்களும் அப்படித்தான்,
முகத்துக்கு எதிரே போய் நிற்க வேண்டும்.

என் வேலை படிப்பதல்ல, துடைப்பது.
பஞ்சுக் குச்சி, காய்ச்சி வடித்த நீர்,
நாளொன்றுக்கு உள்ளங்கை அகலம்.
எந்த நூற்றாண்டிலோ யாரோ
இங்கே ஆடு கட்டி அடுப்பெரித்திருக்கிறார்கள்.
கரிக்கு அடியிலிருந்து
இன்று ஓர் ஆந்தை வந்தது.
நேற்று பாதி வாத்து.

உள்ளறையில் விளக்குப் பிடிக்கும் வனீஸ் கேட்டான்,
இந்தப் பாம்பை ஏன் இரண்டாக வெட்டியிருக்கிறார்கள்?
அது பாம்பில்லை, ஓர் எழுத்து.
ஊர்ந்து போய்ப் பிணத்தைக் கொத்திவிடக் கூடாதாம்.
எழுத்து கடிக்குமா, என்றான்.
வீட்டுக்காரர் அனுப்பிய நோட்டீஸ்
கைப்பைக்குள் இருந்தது.
கடிக்கும், என்றேன்.

அரசன் பெயர் வரும் இடமெல்லாம்
கூடவே மூன்று குறிகள்:
தலையில் வளையம் வைத்த சிலுவை,
தீக்கடைகோல்,
மடித்துப் போட்ட துணி.
உயிரோடு, செழிப்போடு, நலத்தோடு.
முழுதாய் எழுதப் பொழுதில்லாத எவனோ
வாழ்த்தையும் சுருக்கிவிட்டான்,
என் மகள் கைப்பேசியில் தட்டிவிடும்
நாலெழுத்துச் சலாம் போல.

அந்த வளையச் சிலுவை
செருப்பு வார் என்பவர்கள் உண்டு.
கணுக்காலைச் சுற்றும் வளையம்,
விரலிடுக்கில் இறங்கும் நடுவார்.
இருக்கலாம்.
கிஸா பாலத்தடியில் மைக்ரோபஸ்ஸுக்கு ஓடும்போது
வார் அறுந்து நின்றவள் நான்.
உயிர் எதில் தொங்குகிறதென்று
என்னிடம் கேளுங்கள்.

அவர்கள் மெய்யை மட்டும் எழுதினார்கள்.
உயிரெழுத்தே கிடையாது.
உயிர் என்ற சொல்லில்கூட மூன்று மெய்கள்
பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன,
குழிக்குள் கிடந்தவனைப் போலவே.
நடுவில் என்ன ஒலித்ததென்று
உறுதியாய்ச் சொல்ல ஆளில்லை.
படிக்கிறவர் தன் மூச்சிலிருந்து கொஞ்சம்
ஊற்ற வேண்டியதுதான்.

வியாழக்கிழமை
நிலைக்கு மேலே ஒரு வரி முழுதாய்த் தெளிந்தது.
பூமிமேல் உயிரோடிருப்பவர்களே,
இந்த வழி போகிறவர்களே,
சொல்லுங்கள்:
ஆயிரம் ரொட்டி, ஆயிரம் குவளை பீர்,
ஆயிரம் மாடு, ஆயிரம் பறவை, இன்னாருக்கு.
உங்கள் கையிலிருந்து ஏதும் வேண்டாம்.
வாயின் மூச்சு போதும்.
அதில் களைப்பில்லை.

இன்னார் யாரென்று இல்லை.
பெயரை உளியால் கொத்தி எடுத்திருக்கிறது,
பகையோ, சும்மா ஒரு கை அரிப்போ.
மிச்சம் அந்தப் பாதி வாத்து.
வாத்தென்றால் மகன்.

ரேஷன் அட்டையோடு வரிசையில் நின்று
தினம் இருபது ரொட்டி வாங்குகிறேன்.
நிறுத்தியிருக்கும் யாருடைய காரின் மேலோ
சூடாறப் பரப்பிவைக்கிறேன்.
எங்கள் பேச்சில் அதற்கு ஐஷ் என்று பெயர்.
ஐஷ் என்றால் வாழ்வும்தான்.
ஒருநாளும் இதை யோசித்ததில்லை,
சில்லறையை எண்ணுவதிலேயே கவனம்.

வனீஸ் சாப்பிடப் போனான்.
பஞ்சை வைத்துவிட்டு
வாய்விட்டுச் சொன்னேன்.
பீர் வந்த இடத்தில் நாக்கு தயங்கியது, ரமலான் மாதம்.
வெறும் சொல்தானே என்று நினைத்தேன்.
வெறும் சொல்லா என்றும் நினைத்தேன்.
சொன்னேன்.
பெயர் இருந்த பள்ளத்தில் விரல் வைத்தேன்.
குளிர்ந்திருந்தது.
யாரோ ஒருவரின் மகனுக்கு, என்றேன்.
விளக்கு வெளிச்சத்தில் தூசி
கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது.

யாரோடு பேசுகிறீர்கள், மதாம் இன்ஷிராஹ்?
படியில் வனீஸ்.
நான் நோன்பு என்பது நினைவு வந்து
கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.
கடித்த ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது.

ஒன்று,
என்று எண்ணிக்கொண்டேன்.