அட்டை 41, அட்டை 58

துவாஸில் கடலைத் தூர்த்த மண் அது.
எந்தக் கரையில் அள்ளியது, எந்தப் படகில் வந்தது
என்று கேட்டால்
ஒப்பந்தக்காரர் இன்னொரு ஒப்பந்தக்காரரின் எண்ணைத் தருகிறார்.
நாலு கிலோ.
சல்லடையில் கழுவி, காயவைத்து,
பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு
கென்ட் ரிட்ஜ் மேட்டுக்கு வந்தேன்.

வார நாட்களில் நான் செய்வது பொய்ப்பல்.
தோ பாயோவில், மூன்றாம் மாடியில்,
மெழுகு, பிளாஸ்டர், அக்ரிலிக்.
யாருடைய வாய் என்று தெரியாது,
எண் மட்டும் வரும்.
சனிக்கிழமைகளில்தான் மெய்ப்பல்.

திருக்கையில் இது கொட்டாத சாதி.
தோல்பையில் முட்டையிட்டு
பாசியில் சிக்கவைத்துவிட்டு
திரும்பிப் பார்க்காமல் போகிறவள்.
உடம்பு முழுக்கக் குருத்து,
செத்தால் சேறோடு சேறு.
பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இங்கே பல்லைத் தவிர எல்லாம் போய்விட்டது.

கடுகில் பாதி அளவு.
நனைத்த தூரிகை நுனியால் ஒற்றி எடுக்க வேண்டும்.
ஒருமுறை தும்மிவிட்டேன்.
நூர்ஹயாத்தியும் நானும்
டார்ச்சோடு மேசைக்கடியில் ஒரு மணிநேரம் தவழ்ந்தோம்.
அகப்பட்டது
யாரோ போன வாரம் சிந்திய மீ கோரெங்.

அட்டை 41: கூர்.
வாய்க்குள் பார்த்து வளைந்த ஒற்றை முள்.
அட்டை 58: தட்டை.
அம்மி முகம், தேய்ந்த விளிம்பு.
பழைய பட்டியல் இவற்றை
இரண்டு இனம் என்கிறது, இரண்டு நீளப் பெயரோடு.
ஒன்பது மாதம் நாங்களும்
இரண்டு இழுப்பறையில் வைத்திருந்தோம்.

பிறகு ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு
ஜூரோங் மீன்துறையில்
உயிரோடிருக்கும் சொந்தக்காரர்கள் இருவரை வாங்கினேன்,
கொட்டுகிற வகைதான், வேறு கிடைக்கவில்லை.
ஆண் ஒன்று, பெண் ஒன்று.
"சம்பலுக்கா?" என்றார் கடைக்காரர்.
"வாய்க்கு" என்றேன்.
அவர் சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளி குறைத்தார்.

தாடையை வேகவைத்ததில் வீடு மூன்று நாள் நாறியது.
நான்காம் நாள் எதிர்வீட்டு மேடம் கோ
கதவைத் தட்டி
ஒன்றும் சொல்லாமல் ஒரு கட்டு ஊதுவத்தி கொடுத்தார்.

பெண்ணின் வாயில் தட்டை,
வரிசை வரிசையாக, பாவிய கல் மாதிரி.
ஆணின் வாயில் முள்.
கூடும் பருவத்தில் மட்டும் முளைக்குமாம்,
அவள் செட்டையைக் கவ்விப் பிடிக்க.
பருவம் முடிந்தால் உதிர்ந்துவிடும்,
மறுபடி தட்டை.
பெண் பல்லை முல்லை அரும்பு என்றவர்கள்
இந்த வாயைப் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான்
41-ஐயும் 58-ஐயும் கவிழ்த்துப் போட்டேன்.
அதுவரை முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் தொழிலில் வேரே கிடையாது.

கவட்டையாகப் பிரிந்த இரண்டு மடல்.
நடுவே ஓர் ஓடை,
ஓடையின் ஓரத்தில் ஊசி குத்தினாற்போல் ஒரு துளை,
இதிலும் அதே இடத்தில், அதே சாய்வில்.
நூர்ஹயாத்தி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்
மலாயில் ஏதோ முணுமுணுத்தாள்.
திட்டா வாழ்த்தா, கேட்கவில்லை.

இரண்டு பெயரில் ஒன்றை அடித்தோம்.
முந்தி வைத்த பெயருக்குத்தான் உரிமை, அதுதான் சட்டம்.
முந்தியது ஆணுடையது.
நூர்ஹயாத்தி மட்டும்
58-இன் அட்டையைக் கிழிக்க விடவில்லை.

பதிவேட்டில் இன்னும் ஒரு கட்டம்: இடம்.
துவாஸ் என்று எழுதினேன்.
அழித்தேன்.
வந்த மண், மூலம் தெரியவில்லை
என்று பென்சிலால் எழுதினேன்.
காலம் என்ற கட்டத்தில் அதுகூட இல்லை.

ஏழரை மணிக்குக் காவலாளி விளக்கை அணைக்க வந்தார்.
அட்டை 83 எதிலும் சேரவில்லை.
கூர் உண்டு, ஆனால் துளை இடப்பக்கம்.
மூடி போட்டு வைத்திருக்கிறேன்.
திங்கட்கிழமை மேல்தாடை ஒன்று வருகிறது,
எண் 2207,
அவசரமாம், கல்யாணமாம்.