சிவப்பு டெமோ

வந்து இறங்கிய அன்று மழை.
பிளாஸ்டிக் உறையை உரித்ததும்
பாயான் லெப்பாஸ் ஷோரூமின் டியூப்லைட்டுகள் எல்லாம்
அதன் பானெட்டில் வளைந்து படுத்துக்கொண்டன.
விலை அட்டையை நான் எடுத்து வைப்பதற்குள்
அவர்கள் வந்துவிட்டார்கள்.
எப்படித்தான் மோப்பம் பிடிக்கிறார்களோ.

யோகேஸ்வரன் முதலில் போனது பின்பக்கம்.
குத்துக்காலிட்டு உட்கார்ந்து
நான்கு புகைக்குழாய் வாயிலும் விரல் விட்டுப் பார்த்து
"ரெண்டு பொய்" என்றான்,
பல் டாக்டர் மாதிரி.

ஃபைசூல் தரைவிரிப்பைத் தூக்கினான்,
மூன்றாவது பெடல்
அடியில் எங்காவது விழுந்து கிடக்குமோ என்று.
ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் ஓர் உறுமல்.
எல்லார் முகமும் ஒரு நொடி மலர்ந்து
உடனே சுருங்கியது.
ஸ்பீக்கரில் வருகிறது சத்தம்.
கெட்டிமேளத்தை சி.டி.யில் போட்ட கல்யாணம்டா இது
என்றான் யோகேஸ்.
மொழி புரியாமலே தலையாட்டினான் வெய் கியாட்.
அவனுக்குக் கோபம் வேறு:
காய்கறி வாங்கப் போகிற காடி செய்யும் கம்பெனி
ஸ்போர்ட் ஷூ மாட்டிக்கொண்டு வந்து நிற்கலாமா?

திட்டினார்கள். படம் எடுத்தார்கள்.
திட்டிக்கொண்டே ஒவ்வொருவராக
டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள்.
மறுநாளும் வந்தார்கள், நேற்று
திட்ட மறந்ததைத் திட்ட.

இந்த மாதம் நான் மூன்று கார் விற்க வேண்டும்.
ஆறு வருடத்தில்
காரை நேசிக்கிற ஒருவர்கூட
என்னிடம் கார் வாங்கியதில்லை.

வாங்கியது மிஸ்டர் கூ.
பாலிக் பூலாவில் டுரியான் மொத்த வியாபாரம்.
துன் சார்டோன் மலைச்சாலையின் வளைவுகளில்
நாற்பதுக்கு மேல் முள்ளை ஏறவிடவில்லை.
பூட்டில் எத்தனை கூடை பிடிக்கும்?
சீட்டில் வாசனை தங்குமா?
இந்த ஸ்போர்ட் பட்டன் எதற்கு?
வேகமாகப் போக, என்றேன்.
ஏன்? என்றார்,
உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பி.

டெமோ திரும்பிப் போவதற்கு முந்தைய இரவு,
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
ஃபேக்டரி யூனிஃபார்மோடு யோகேஸ், தனியாக.
"புனிதா, ஒரே ரவுண்டு."
லைசென்ஸைக் கையிலேயே வைத்திருந்தான்.

ரெலாவ் தாண்டி ஏறும்வரை பேசவில்லை.
முதல் கொண்டையூசி வளைவுக்கு முன்
திரையில் எங்கேயோ நுழைந்து எதையோ தடவி
அந்த உறுமலை அணைத்தான்.
பிறகு கேட்டது
ஈரத்தாரில் டயர், இலைகளிலிருந்து சொட்டும் மழை,
அவன் மூச்சு.
சில வளைவுகளில் மூச்சும் கேட்கவில்லை.
நான் கைப்பிடியைப் பிடித்திருந்தேன்,
எந்த இடத்தில் விட்டேன் என்று நினைவில்லை.

உச்சியில் டுரியான் கடைகள் தார்ப்பாய் மூடிக் கிடந்தன.
"ஸ்டியரிங் கொஞ்சம் லேசு" என்றான்.
அவ்வளவுதான்.
ஜப்பானிலிருந்து வெட்டி வந்த எஞ்சினை
மூன்று வருடச் சம்பளத்தில்
தன் பழைய காடிக்குள் இறக்கியவன் அவன்.
வேறென்ன சொல்வான்?

திரும்பி வந்து இறங்கிக் கதவைச் சாத்தினான்.
திறந்தான். மறுபடி சாத்தினான்.
மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு.
"மாசம் எவ்ளோ?"
சொன்னேன். ஒன்பது வருடம் என்றும் சொன்னேன்.
விரலில் எண்ண ஆரம்பித்து
நாலாவது விரலில் நிறுத்திவிட்டான்.

பிறகு பின்பக்கம் போனான்.
அதே குத்துக்கால்.
போன் வெளிச்சத்தில்
அந்தப் பொய் வாய்கள் இரண்டையும்
வெகுநேரம் பார்த்துவிட்டு,
"இத வெட்டிட்டு
நெஜக் குழாய் ரெண்டு வெல்டு வச்சா
நிக்கும், இல்ல?"

வாரண்டி போய்விடும்
என்று சொல்ல வேண்டியது என் வேலை.
நிற்கும், என்றேன்.