ஐந்து ஓட்டைகள்

எங்கள் பாய்ப்படகில் ஐந்து ஓட்டைகள்.
தெரிந்தே போட்டவை:
கழுவுதொட்டிக்கு ஒன்று,
என்ஜின் தண்ணீர் குடிக்க ஒன்று,
கழிப்பறைக்கு இரண்டு.
ஐந்தாவது எதற்கென்று
விற்ற எலாடியோவுக்கே தெரியாது.

ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில்
கேரட் போல ஒரு மரத்தக்கை, கயிற்றில்.
உடைந்தால் அடித்து இறக்க.
சுத்தியலை அப்போது தேட முடியாது;
அதுவும் தொங்குகிறது.

ப்ராய்ஸ் கேட்டது புதுப் பாய், நீலக்கோடு போட்டது.
நான் வாங்கியது நங்கூரச் சங்கிலி, நாற்பது மீட்டர்.
இரண்டு நாள் பேச்சில்லை.
மூன்றாம் நாள் அதைத் தோளில் சுமந்து
படகுத்துறைக்கு வந்தவன் அவன்தான்.

செப்டம்பரில், அரோசா கழிமுகத்தில்,
மூடுபனி கரையைத் தின்றது.
சிப்பி வளர்க்கும் தெப்பங்கள் எங்கோ அருகில்,
யூகலிப்டஸ் உத்தரங்கள், விளக்கில்லாமல்.
என்ஜின் இருமியது. நின்றது.
நீரோட்டம் நிற்கவில்லை.

இடுப்புப்பட்டையைக் கம்பியில் மாட்டிக்கொண்டு
ப்ராய்ஸ் முன்முனைக்குத் தவழ்ந்தான்.
கடகடவென்று
இரண்டு நாள் சண்டையும் தண்ணீருக்குள் ஓடிற்று.
கொஞ்சம் இழுபட்டு,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
படகு தலை திருப்பியது.

மணி வாங்கியிருக்கவில்லை.
இரவெல்லாம் கரண்டியால்
பாஸ்தா பானையை அடித்தோம், மாறி மாறி.

விடிந்தபோது
தெப்பம் பன்னிரண்டு மீட்டரில்.
அதன்மேல் ஒரு நாரை,
தூக்கம் கெட்ட பக்கத்து வீட்டுக்காரர்போல.

பயணக் குறிப்பேட்டில் எழுதினேன்:
எங்கும் போகவில்லை.

கீழே ப்ராய்ஸின் கோணல் எழுத்து:
ஐந்தாவதில் கசிவு.
நிமிடத்துக்கு நான்கு சொட்டு.