மூன்று புள்ளி

சந்தையைச் சுற்றித் தகரம் அடித்தார்கள்.
தகரத்தில் ஒரு யானை, ஒரு தாமரை,
'மசாலா மைல்' என்று புதுப் பெயர்.
இந்த டர்பனில்
யானை கட்டிப் பிழைத்தவர் யார்?

கீழே தமிழாம்:
எஙகள சநதை.

பூபாலனுக்குத் தமிழ் படிக்க வராது.
கோகிலம் தேவாரத்தையே
இங்கிலீஷ் எழுத்தில் வைத்துப் பாடுகிறவள்.
சனிக்கிழமைப் பள்ளியில் மூன்று வருஷம்
பெஞ்சு தேய்த்த நான்தான்
எழுத்துக்கூட்டினேன்.
"பல் விழுந்தவன் எழுதினதா?" என்றான் பூபாலன்.

நகரமன்றத்தில் கருத்துக் கேட்டார்கள்.
திரை நிறையப் புள்ளிவிவரம்:
வருகை, வாடகை, கார் நிறுத்தம்.
இஞ்சி விற்கும் மாட்லாமினி எழுந்து
ஜூலுவில் கேட்டாள்,
என் மேசை எந்தப் பக்கத்தில்?
புரட்டினார்கள்.
புரட்டினார்கள்.
தண்ணீர் குடித்தார்கள்.

அன்றிரவு ஏணி, ஒரு வாளிச் சுண்ணாம்பு.
ங்-க்கு ஒன்று, ள்-க்கு ஒன்று,
ந்-க்கு எட்டிப்பிடித்து ஒன்று.

ஏணியைப் பிடித்திருந்த மாட்லாமினி
"அந்த முதல் வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்றாள்.
நாங்கள் மட்டும்.
எதிரே நிற்கிறவர் சேர்த்தியில்லை.
"நான் எங்கே நிற்கிறேன்?"

சுண்ணாம்பு என் முழங்கை வழியே
அவள் தலைத்துணியில் சொட்டியது.

அந்த வார்த்தையை முழுக்க வெள்ளையடித்தேன்.
காயும்வரை அவள் தந்த ஆரஞ்சைத் தின்றோம்.
பிறகு பெட்டிக்கு எண் போடும் கறுப்பு மையில்
நம்.

நாலு மணிக்கு மிளகாய் லாரி.
டிரைவர் எதையும் படிக்கவில்லை,
தகரத்தில் சாத்தி மூட்டை அடுக்கினான்
யானை மறைய, தாமரை மறைய.
ம்-மின் புள்ளி மட்டும்
மூட்டைக்கு மேலே.