புல எண் 212/4பி

ரப்பர் பால் சேகரிக்கும் சங்கக் கட்டடத்தில்
கிராம சபை.
உறைந்த பாலின் வாடைக்குள்
என் வரைபடம் தொங்கிற்று.
சிவப்பு மையில் ஒரு கோடு:
இதற்குள் உள்ளதெல்லாம் தொன்மை.

தெற்றிக்கோணத்தில் நாற்பத்தொரு உருப்படி.
கோயில் குளம், கல்மண்டபம் இரண்டு,
ஒரு வழிக்கிணறு,
ஒருபக்கம் சாய்ந்த சுமைதாங்கி,
மீதி வீடுகள்.
பதினேழாவது ரோஸ்லெட்டின் வீடு.
பலாப் பலகை நிரைச்சுவர்,
முகப்பு மரத்தில் செதுக்கிய கொடி.

"குவைத்தில பதினோரு வருசம்
ஆருக்கெயோ பிள்ளியளக் குளிப்பாட்டி
வாங்கின வீடு சாரே.
இப்பம் இவருக்கு ஒரு பக்கம் தளந்து போச்சு.
கக்கூசு முற்றத்துக்கு அந்தால கெடக்கு.
மழையில எப்பிடித் தூக்கிட்டுப் போவேன்?
பொறத்தால ஒரு சுவரு இடிச்சாப் போரும்."

அதிகாரி விதியை வாசித்தார்.
பிரிவு ஒன்பது, உட்பிரிவு ஈ.
மூலத் தோற்றம் மாறலாகாது,
முன்னும் பின்னும்.
ஆட்சேபணை முப்பது நாளுக்குள்,
மூன்று பிரதிகளில்.

அவள் உட்காரவில்லை.
"ராத்திரி ரெண்டு மணிக்குக் கல்லு லாரி போவுது.
போவும்போ ஓடு நகருது.
விடிஞ்சா ஏணி வச்சு ஏறி
ஒவ்வொண்ணாத் தள்ளி வைக்கேன்.
லாரி எந்தப் பிரிவுல வரும்?"

சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது.
மலை அடுத்த ஊராட்சியில்.
சிவப்புக் கோடு
தார் விளிம்போடு நின்றுவிடும்.
வரைந்தவன் நான்தான்.
தாள் அவ்வளவுதான் இருந்தது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் சாயா வந்து
கூட்டம் கலைந்தது.

மறுநாள் டேப்போடு போனேன்.
வில்பிரட் கட்டிலில் கிடந்தபடியே
ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்,
நல்ல கையால்.
ஐந்தடிக்கு ஏழு.
அடுக்களைக்குப் பின்னால்
செங்கல் ஒன்றுகூட இறங்காத இடத்தில்
கட்டம் போட்டு எழுதினேன்:
ஏற்கெனவே உள்ளது.

பதினாறு வருடத் தொழிலில்
இருக்கிற ஓடையை வரையாமல் விட்டதுண்டு,
மேலே சொன்னபடி, பலமுறை.
இல்லாததை வரைந்தது
இதுதான் முதல்.

படிவத்தில் ஒரு பத்தி காலி.
"கட்டிய வருடம்?" என்றேன்.

ரோஸ்லெட் போனில்
சிமெண்டு விலை பேசிக்கொண்டிருந்தாள்.
கையால் அதைப் பொத்திக்கொண்டு சொன்னாள்:
"உங்களுக்குத் தோதான வருசம் போடுங்க சாரே.
சட்டத்துக்கு முந்தி இருக்கட்டு.
டைல்ஸ் மட்டும் புதுசு கேட்டியளா,
அவரு வழுக்கப்பிடாது."